லூர்துவின் இருக்கையை மாற்றியவன்

என் நண்பன் தன் மனைவிக்காகக் கேட்ட கார் இருக்கையைப் பட்டியலில் அடித்துவிட்டு, எனக்குப் பிடித்த இருக்கையை எழுதிக் கையெழுத்துப் போட்டவன் நான்.

தவறுதலாக அல்ல. அவசரத்திலும் அல்ல. பேனாவைத் திறந்து, நன்றாக யோசித்து, உள்ளுக்குள் சிரித்துக்கொண்டே செய்தேன்!

இதை இதுவரை எவரிடமும் சொன்னதில்லை. என் மனைவி பொன்மலரிடம்கூட. உங்களிடம் ஏன் சொல்கிறேன்? நீங்கள் என்னைத் தூத்துக்குடித் தெருக்களில் சந்திக்கப் போவதில்லை என்ற தைரியம்தான்... வேறென்ன!

என் பெயர் செல்வகுமார். துறைமுகச் சாலையில் கடை வைத்திருக்கிறேன். கரைக்கு வரும் கப்பல்களுக்குக் கயிறு, பெயின்ட், கையுறை, அரிசி, வெங்காயம் என்று கேட்பதையெல்லாம் கொண்டுபோய்க் கொடுப்பது என் தொழில். சவேரி என் நண்பன். ஆறாம் வகுப்பில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள். இன்றைக்கு அவன் கேப்டன் சவேரி. பெரிய சரக்குக் கப்பலை ஓட்டுகிறான். ஐந்து மாதம் கடல், மூன்று மாதம் வீடு.

சவேரிக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு ஆடம்பர ஆசை இருந்தது. நல்ல ஜெர்மானியக் கார் ஒன்று வாங்க வேண்டும். நான்கு கதவுள்ள, வேகமாகப் போகிற, ஆனால் உள்ளே உட்கார்ந்தால் அலுங்காத கார். முப்பது வருடம் உப்புக் காற்றில் நின்றவன் அவன். அந்த ஆசைக்கு அவனுக்கு எல்லா உரிமையும் உண்டு.

இப்படிப்பட்ட காரை வாங்குவது நம் ஊர்க் கடையில் சட்டை வாங்குவது போலில்லை. மதுரையில் இருக்கும் ஷோரூமில் ஒரு பட்டியலைக் கொடுப்பார்கள். நிறம், சக்கரத்தின் அளவு, இருக்கையின் தோல், சத்தம் வரும் புகைக் குழாய், பாட்டுப் பெட்டி, கூரைக் கண்ணாடி என்று பக்கம் பக்கமாகப் போகும். நாம் எதை டிக் அடிக்கிறோமோ அதற்குத் தக்கபடி தொழிற்சாலையில் செய்து அனுப்புவார்கள். சவேரி அந்தப் பட்டியலை ஒரு விடுமுறை முழுக்கப் படித்தான். தேர்வுக்குப் படிப்பது போலக் கோடு போட்டுப் படித்தான்!

இரண்டு பெரிய தொகுப்புகள் இருந்தன. ஒன்று கம்ஃபர்ட் பேக்கேஜ். மேடு பள்ளத்தை விழுங்கிவிடும் மென்மையான சஸ்பென்ஷன், காற்று வரும் இருக்கை, இடுப்பைத் தாங்கிப் பிடிக்கும் மெத்தை, பின் கண்ணாடிக்குத் திரை. மற்றொன்று ஸ்போர்ட் பேக்கேஜ். தாழ்ந்த உடம்பு, பெரிய சக்கரம், இறுக்கமான சிவப்புத் தோல் இருக்கை, உறுமுகிற குழாய். ஒன்றை எடுத்தால் மற்றது கிடையாது.

சவேரிக்கு யோசனையே தேவைப்படவில்லை. ஏனென்றால் லூர்து.

லூர்து அவன் மனைவி. என்னை அண்ணன் என்று கூப்பிடுபவள். முதுகெலும்பில் ஓர் அறுவை சிகிச்சை முடிந்து, அரை மணி நேரத்துக்கு மேல் எந்த வண்டியிலும் உட்கார முடியாமல் இருந்தாள். ஒரு மணி நேரத் தூரத்தில், நாசரேத்தில் இருக்கும் அக்காவைப் பார்க்கப் போனால்கூட வழியில் இரண்டு முறை இறங்கி நின்றுவிட்டுத்தான் போவாள்.

கப்பலேறப் போகும் அன்று சவேரி பட்டியலையும், தன் சார்பில் நான் கையெழுத்திடலாம் என்ற கடிதத்தையும் என் கையில் கொடுத்தான்.

"ஏலே செல்வம், மத்ததெல்லாம் முன்னபின்ன இருந்தாலும் பரவால்ல. லூர்து சீட்டு மட்டும் சரியா வந்திரணும். அவ இடுப்பு ஒனக்குத் தெரியும்லா?"

"தெரியும்ல, நீ நிம்மதியா போ."

"நான் கடல்ல இருக்கையில வண்டிய சும்மா போடக்கூடாது. வாரத்துக்கு ரெண்டு நாளாவது நீதான் எடுத்து ஓட்டணும், என்ன?"

அந்தக் கடைசி வாக்கியம்... அதை மட்டும் அவன் சொல்லாமல் இருந்திருந்தால்!

இல்லை, இல்லை. பழியை அவன்மேல் ஏற்றப் பார்க்கிறேன் பாருங்கள். ஒப்புக்கொள்ள உட்கார்ந்த இடத்திலும் இந்தப் புத்தி போகவில்லை.

மதுரை ஷோரூமில் கிருபா என்றொரு பெண் என்னைக் கவனித்துக்கொண்டாள். முப்பத்தைந்து வயதிருக்கும். அவள் சொந்த ஊரும் நாசரேத்துதான். அதனால் பேச்சில் நம் ஊர் வாடை. டீ கொடுத்தாள். நான் சவேரியைப் பற்றி, எங்கள் பெஞ்சைப் பற்றி, நாற்பது வருட நட்பைப் பற்றி அரை மணி நேரம் பெருமை பேசினேன். பட்டியலை அவளிடம் நீட்டும் முன், "ஒரு ரவுண்டு ஓட்டிப் பாக்கீங்களா சார்?" என்று கேட்டாள்.

அன்று ஷோரூமில் இருந்தது ஸ்போர்ட் பேக்கேஜ் கார்!

நான் ஓட்டிப் பழகியது என் கடை வேனைத்தான். அதில் ஏறினால் கிரீஸும் தேங்காய் நார்க் கயிறும் மணக்கும். மூன்றாவது கியர் விழுவதற்கு ஒரு தட்டுத் தட்ட வேண்டும். அப்படிப்பட்டவன் அந்தச் சிவப்பு இருக்கையில் உட்கார்ந்தேன். அது என்னை இரண்டு பக்கமும் அணைத்துப் பிடித்துக்கொண்டது. புறவழிச் சாலையில் லேசாக மிதித்தேன். பின்னாலிருந்து ஓர் உறுமல்... ஐயோ, அதை எப்படிச் சொல்வேன்! ஐம்பத்திரண்டு வயதில் எனக்கு வாய்விட்டுச் சிரிப்பு வந்தது. பக்கத்தில் இருந்த கிருபாவும் சிரித்துவிட்டாள்.

திரும்பி வந்து மேசைமுன் உட்கார்ந்தபோது என் மனம் கணக்குப் போட்டது. சவேரி வருடத்தில் பெரும்பகுதி கடலில். லூர்து வெளியே போவதே அபூர்வம். வாரம் இரண்டு நாள் நான். அப்படியானால் இந்தக் காரை அதிகம் ஓட்டப் போவது யார்?

அசிங்கமான கணக்கு. ஆனால் அப்போது அது எவ்வளவு நியாயமாகத் தெரிந்தது தெரியுமா!

பட்டியலில் கம்ஃபர்ட் என்று சவேரி போட்டிருந்த டிக்கைக் கோடு போட்டு அடித்தேன். ஸ்போர்ட் என்பதில் டிக் போட்டேன். முத்து வெள்ளை நிறத்தை அடித்து, கருநீலம் என்று எழுதினேன். எவ்வளவு தூரம் போனேன் பாருங்கள், பிரேக்குக்கும் சிவப்பு வர்ணம் கேட்டேன்!

கிருபா தாளைப் பார்த்தாள். என்னையும் பார்த்தாள்.

"கேப்டன் போன்ல கம்ஃபர்ட்டுனுதானே சார் சொன்னாவ? மேடத்துக்கு முதுகு வலின்னு..."

"நேத்துப் பேசினான்மா. மனசு மாறிட்டான்."

"ஒரு மெயில் மட்டும் போடச் சொல்லுதீங்களா?"

"நடுக்கடல்ல இருக்கான். சிக்னல் கெடைக்காது. கையெழுத்து அதிகாரம் எனக்குத்தானே குடுத்திருக்கான்?"

தொழிற்சாலைக்கு ஆர்டர் அனுப்ப அன்றுதான் கடைசி நாள். அவள் ஒரு நிமிடம் தயங்கினாள். பிறகு வாங்கி வைத்துக்கொண்டாள். நான் என் வேனில் ஏறி, எட்டயபுரம் தாண்டும்வரை பாட்டுப் பாடிக்கொண்டே வந்தேன்.

கார் வந்து இறங்கியபோது சவேரி இன்னும் கடலில்தான், ஆப்பிரிக்கக் கரையோரம் எங்கோ இருந்தான். லூர்துவும் நானும்தான் போய் எடுத்தோம். கிருபாவுக்கு அன்று விடுமுறை. போர்வையை விலக்கினார்கள். லூர்து கருநீலக் கதவைத் தொட்டுப் பார்த்தாள்.

"அண்ணே... இது யாரு காரு?"

"நம்ம காருதான் தங்கச்சி. என்னமோ மாறி வந்திருக்கு போல. நான் கேக்குதேன். கடல்ல இருக்கவன்ட்ட இப்ப சொல்லி மனசக் கஷ்டப்படுத்தாண்டாம்."

இது இரண்டாவது பொய். முதலாவதைவிடச் சுலபமாக வந்தது.

அவள் முன்னிருக்கையில் மெல்ல இறங்கி உட்கார்ந்தாள். உட்கார்ந்தாள் என்பது தவறு, அந்தத் தாழ்ந்த பள்ளத்துக்குள் போனாள். முதல் வேகத்தடையில், "மாதாவே!" என்றாள். இரண்டாவதில் கதவுப் பிடியை இறுகப் பற்றிக்கொண்டாள். மூன்றாவதற்குப் பிறகு அவள் சத்தமே போடவில்லை. அதுதான் எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

வாராவாரம் ஞாயிற்றுக்கிழமை எங்கள் தெருவில் ஒரு காட்சி நடந்தது. நான் காரை எடுத்துக்கொண்டு அவள் வீட்டு வாசலில் நிற்பேன். அவள் கும்பிட்டுவிட்டு, "அண்ணே, நீங்க முன்னால போங்க, நான் ஆட்டோவுல வாரேன்" என்பாள். அப்படியே மாதா கோயிலுக்குப் போவோம். முன்னால் பளபளவென்று உறுமிக்கொண்டு காலியாக ஒரு ஜெர்மானியக் கார்... பின்னால் டப டப என்று ஆட்டோவில் அதன் எஜமானி! பார்த்தவர்கள் சிரித்தார்கள். லூர்துவும் சிரித்தாள். நானும் சிரித்தேன்!

இங்கே ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். அந்த மாதங்களில் நான் வருந்தினேன் என்று எழுதினால் உங்களுக்கு என்மேல் கொஞ்சம் மரியாதை வரும். ஆனால் நான் வருந்தவில்லை. சந்தோஷமாக இருந்தேன்! காலையில் திருச்செந்தூர் சாலையில் உப்பளங்களுக்கு நடுவே ஓட்டிப் போவேன். உப்புக் குவியல்கள் இரண்டு பக்கமும் வெள்ளை வெள்ளையாக ஓடும். காயல்பட்டினத்தில் ஒரு நண்பரின் கடைமுன் நிறுத்தினால், "என்ன அண்ணாச்சி, கப்பலே வாங்கிட்டியளோ!" என்பார். நான் மறுக்க மாட்டேன். வெறுமனே தோளைக் குலுக்குவேன்.

பிறகு சவேரி ஊருக்கு வந்தான்.

காரைச் சுற்றி ஒருமுறை நடந்தான். உள்ளே உட்கார்ந்து பட்டனை அழுத்தினான். அது உறுமியது. அவன் பயந்து பட்டனிலிருந்து கையை எடுத்துவிட்டான்.

"என்னல இது? இது காரா, விசைப்படகா? படகுகூட இத விட அமைதியா கெளம்புமேல!"

என் வீட்டு வரவேற்பறையில் உட்கார்ந்து, என் பக்கத்திலேயே, ஒலிபெருக்கியில் போட்டு, மதுரைக்குப் போன் செய்தான். சவேரிக்குக் கோபம் வருவது அபூர்வம். வந்தால் புயல் காலத்துக் குரல் அது. கிருபாவைப் பேசவே விடவில்லை. ஒரு நோயாளிக்காகக் கேட்டதை மாற்றி அனுப்ப உங்களுக்கு என்ன துணிச்சல் என்றான். வழக்குப் போடுவேன் என்றான். அவன் மூச்சு வாங்கிய இடைவெளியில் அவள் குரல் மெதுவாக வந்தது.

"சார்... செல்வகுமார் சார் பக்கத்துல இருக்காங்களா?"

"இருக்கான். அவன்ட்ட என்ன கேக்கப் போறிய?"

நான் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு சொல் போதும், நாற்பது வருடம் முடிந்தது! அந்தச் சொல் இதோ வருகிறது, இதோ...

"ஒண்ணுமில்ல சார். தப்பு எங்க பக்கம்தான். கம்ப்யூட்டர்ல ஏத்தும்போது மாறிட்டு. மன்னிச்சிருங்க சார்."

சவேரி போனை வைத்தான். என் தோளைத் தட்டினான். "பாத்தியால? இதுக்குத்தான் எல்லாத்தையும் கூட நின்னு பாக்கணுங்கது" என்றான்.

நான் தண்ணீர் குடித்தேன். ஒரு சொம்பு முழுவதும்.

அடுத்த வாரம் மதுரைக்குப் போனேன். புதுக் கார்ப் பிரிவில் கிருபா இல்லை. பின்னால், பழைய கார்கள் விற்கும் ஷெட்டில் இருந்தாள். தண்டனையாக அங்கே மாற்றியிருந்தார்கள். தகரக் கூரை, சுழலாத ஃபேன். என்னைக் கண்டதும் நாற்காலி எடுத்துப் போட்டாள்.

"ஏம்மா அப்படிச் சொன்ன?" என்று கேட்டேன்.

"வேற என்ன சார் சொல்ல? நாப்பது வருஷப் பழக்கம்னு அன்னைக்கு அவ்வளவு சொன்னீங்களே. மெயில் வாங்காம அனுப்புனதும் என் தப்புதானே." அவள் குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்கு எவ்வளவு வசதியாக இருந்திருக்கும்! "அதெல்லாம் விடுங்க சார். மேடம் இப்ப எப்படி இருக்காவ? வண்டியில உக்கார முடியுதா?"

நான் ஆட்டோ கதையைச் சொன்னேன். தெருவே சிரித்த கதைதான். அவள் சிரிக்கவில்லை. அப்போதுதான், அந்தத் தகரக் கூரையின் கீழ்தான், எனக்கு முதல்முறையாக வெட்கம் வந்தது.

"இத மாத்த முடியுமாம்மா? அந்த சீட்ட மட்டும் கழட்டி..."

"பிரேக் வர்ணத்த மாத்தலாம் சார். சக்கரத்த மாத்தலாம். பாட்டுப் பெட்டிய மாத்தலாம். சீட்டும் சஸ்பென்ஷனும் பிறவியிலேயே வரணும். அப்புறமா போட்டுக்கிடலாம்கிற கதையே கெடையாது." சற்று யோசித்தாள். "ஆனா ஒண்ணு செய்யலாம். கம்ஃபர்ட் பேக்கேஜோட பழைய வண்டி ஏதாவது வந்தா மாத்திக்கிடலாம். நான் தேடுதேன்."

நான்கு மாதம் தேடினாள். நானும் அவளோடு அலைந்தேன். ஒரு கார் வந்தது, இருக்கையில் காற்று வரவில்லை. இன்னொன்றின் அடிப்பாகத்தில் டார்ச் அடித்துப் பார்த்து, "கடலோரத்துல நின்ன வண்டி சார், துருப்பிடிச்சிருக்கு" என்று தள்ளினாள். மற்றொன்றில் எல்லாம் இருந்தது, இடுப்பு மெத்தை மட்டும் இல்லை. "மேடத்துக்கு வேண்டியதே அதுதானே" என்று அதையும் விட்டாள். யாருடைய முதுகுக்காக? ஒருமுறைகூடப் பார்த்திராத ஒரு பெண்ணுடைய முதுகுக்காக!

கடைசியில் பாளையங்கோட்டையில் கிடைத்தது. முத்து வெள்ளை, வெண்ணெய் நிறத் தோல், காற்று, மெத்தை, திரை எல்லாம் உண்டு. இரண்டு வருடம் ஓடிய வண்டி. அதன் உரிமையாளர் யார் தெரியுமா? எலும்பு மருத்துவர்! மாமனார் தேர்ந்தெடுத்துக் கொடுத்த கார் என்று சலித்துக்கொண்டார். "ஊர்ல எல்லார் இடுப்பையும் நான்தான் பாக்கேன். எனக்கு இடுப்பு நல்லாத்தான் இருக்கு சார். எனக்கு எதுக்கு இந்த மெத்தை?" என்றார். எங்கள் கருநீலக் காரில் ஏறிப் பட்டனை அழுத்தினார். உறுமல் கேட்டதும் அவர் முகத்தைப் பார்த்தேன். என் முகம்தான் அது!

சவேரி சம்மதித்தான். மீதிப் பேச்சையெல்லாம் கிருபா முடித்தாள். சிவப்பு இருக்கையை மருத்துவரிடம் ஒப்படைத்துவிட்டு வரும்போது எனக்கு அழுகை வந்தது. எதற்கு என்று கேட்காதீர்கள். செய்த தவற்றுக்காக என்று சொல்ல ஆசைதான்... ஆனால் அந்தச் சத்தத்தை இனிக் கேட்க முடியாதே என்றுதான்!

லூர்து புதுக் காரில் முதன்முதலாக நாசரேத்துக்குப் போனாள். நான்தான் ஓட்டினேன். பட்டனைத் தட்டி மெத்தையைச் சரிசெய்துகொண்டு கண்ணை மூடினாள். வழியில் எங்கும் நிறுத்தச் சொல்லவில்லை. அக்கா வீட்டு வாசலில் இறங்கி, நிமிர்ந்து நின்று, என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்காக நாலு மாசம் அலைஞ்சியளாம்லா அண்ணே. அவுங்க சொன்னாவ. கூடப் பொறந்தவன்கூட இப்படிச் செய்ய மாட்டான்."

கேட்டீர்களா? திருடியதைத் திருப்பி வைத்தவனுக்கு நன்றி! ஊரெல்லாம் எனக்கு நல்ல பெயர். சவேரி பார்ப்பவர்களிடமெல்லாம் சொன்னான். பொன்மலர்கூட என்னைப் புதிதாக ஒரு பார்வை பார்த்தாள். திருமணமாகி இத்தனை வருடத்தில் அப்படி அவள் பார்த்ததில்லை.

ஒருநாள் துறைமுகக் கடற்கரையில் இருவரும் நடந்துகொண்டிருந்தபோது துணிந்தேன்.

"சவேரி, அந்தக் கார் ஆர்டர் விஷயத்துல..."

"விடுல. இன்னும் அதையே நெனச்சிட்டு இருக்கியா? அது ஒன் தப்பா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். மூன்றே எழுத்து. நான் சுண்டல் வாங்கினேன்.

போன மாதம் சவேரி, லூர்து தம்பதிக்குத் திருமணமாகி இருபத்தைந்தாவது ஆண்டு. வீட்டில் விருந்து. லூர்து ஆசைப்பட்டாள் என்று கிருபாவையும் அழைத்திருந்தார்கள். கிருபா இப்போது அந்தப் பழைய கார்ப் பிரிவுக்கே மேலாளர். அவள் தேடிக் கொடுத்த கார் என்றால் தென் மாவட்டத்தில் கண்ணை மூடிக்கொண்டு வாங்குகிறார்கள். தகரக் கூரையை எடுத்துவிட்டு ஏசி போட்டுவிட்டாளாம். எனக்கு மகிழ்ச்சி. உண்மையாகவே மகிழ்ச்சி! அது என் தவற்றை ஒரு துளிகூடக் கரைக்கவில்லை என்பது வேறு விஷயம்.

நீள மேசை. எனக்கு எதிரில் கிருபா. நடுவில் பெரிய சட்டியில் சீலா மீன் குழம்பு. சவேரி எழுந்து நின்று எல்லாருக்கும் நன்றி சொன்னான். கடைசியாகக் கிருபாவின் பக்கம் திரும்பினான்.

"இந்தப் பொண்ணு ஒருக்கா எங்களுக்கு ஒரு தப்புப் பண்ணிட்டு. அன்னைக்கு நான் போன்ல கண்டபடி பேசிட்டேன். ஆனா அந்தத் தப்ப அவளே நின்னு சரியாக்கிக் குடுத்தா. நான் எப்பவோ மன்னிச்சிட்டேன் தாயி. நீயும் மனசுல ஒண்ணும் வச்சுக்கிடாத."

எல்லாரும் கை தட்டினார்கள். பொன்மலர்தான் பலமாகத் தட்டினாள்.

கிருபா தலைகுனிந்தாள். "சரிங்க சார்," என்றாள்.

என் நாற்காலி பின்னால் நகர்ந்தது. நான் எழுந்துவிட்டேன் என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது. இருபது முகங்கள் என்னை நோக்கித் திரும்பின. வாயைத் திறந்தேன். சத்தியமாகத் திறந்தேன்!

"என்ன அண்ணே, சோறு வேணுமா? உக்காருங்க, நான் போடுதேன்" என்றாள் லூர்து. எழுந்து, வலியில்லாமல் நடந்து வந்து, என் இலையில் சோற்றைப் போட்டாள்.

உட்கார்ந்தேன்.

கிருபா குழம்புச் சட்டியை என் பக்கம் மெதுவாக நகர்த்தி வைத்தாள். "மீன் போட்டுக்கிடுங்க சார்."

போட்டுக்கொண்டேன். வெட்கம் தொண்டையை அடைத்தது, ஒரு கவளமும் இறங்கவில்லை என்று இந்த இடத்தில் எழுத வேண்டும். எழுத மாட்டேன். உங்களிடமாவது உண்மையைச் சொல்லியாக வேண்டும். குழம்பு பிரமாதமாக இருந்தது... இரண்டாம் முறையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.